அன்று பேசியது அம்மன் இல்லை

வேங்கிக்கால், திருவண்ணாமலை
திங்கட்கிழமை

அன்பு மகள் அருணாதேவிக்கு அம்மா எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்தக் குளிர் நாட்டில் உன் உடம்பும் மனசும் எப்படி இருக்கின்றன என்பதுதான் எங்களுக்குக் கவலை. இங்கே வெயில் ஜாஸ்தி. மலைப்பக்கம் மேகம் கூடுகிறது, மழைதான் இல்லை. அப்பா ஜெராக்ஸ் கடையை ஒன்பது மணிக்கே திறந்துவிடுகிறார். போனில் பேசாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். உன் குரலைக் கேட்டால் எனக்கு இதைச் சொல்ல வராது, அதனால்தான்.

போன வாரம் நீ, இந்த ஊர் பாஷையும் வரலை, ஆஸ்பத்திரி வார்டுல யாரும் முகம் கொடுத்துப் பேசறதில்ல, ஆனா அம்மனே போகச் சொல்லித்தானே வந்தேன், பொறுத்துக்கறேம்மான்னு அழுதாயே, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. காரணத்தைக் கேள். கீழ்பென்னாத்தூர் பக்கம் நம் சொந்த ஊர் திரௌபதி அம்மன் கோயில் தீமிதியில் இருபத்திரண்டு வருஷம் நான்தான் கரகம் எடுத்தேன். பம்பை மேளம் அடித்ததும் அருள் வந்து உடம்பு சிலிர்க்கும், அப்புறம் நான் என்ன பேசினேன் என்பது பிறர் சொல்லித்தான் எனக்கே தெரியும். போன வருஷம் அந்த அருள் வரவில்லை அருணா. பம்பைக்காரர் காதருகே வந்து அடித்தும் வரவில்லை. சுற்றி ஊரே கைகூப்பி நிற்கிறது, வரவில்லை என்றால் என்ன ஆகுமோ என்று நடுங்கிப்போய் நானாகவே தலையை விரித்து ஆடினேன். அந்த நேரம் பார்த்து நீ எலுமிச்சம்பழத்தோடு முன்னால் வந்து, ஜெர்மனிக்குப் போகலாமா தாயேன்னு கேட்டாய். கடல் தாண்டிப் போ மவளே, நான் துணை இருக்கேன்னு சொன்னது அம்மன் இல்லை, நான். உன் கண்ணில் போகும் ஆசை இருந்த மாதிரி பட்டது, அதைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். அது ஆசையா பயமா என்று இப்போது எனக்கே உறுதியில்லை. அன்று தீயில் இறங்கி என் கால் வெந்தது, ஆணி குத்திவிட்டது என்று உங்களிடம் பொய் சொன்னேன்.

போன வெள்ளிக்கிழமை மறுபடியும் தீமிதி நடந்தது. பம்பை அடிக்க அடிக்க உள்ளே ஒன்றுமில்லை. இன்னொரு தரம் ஆடினால் யார் யார் வந்து கேட்பார்களோ, யாரை எங்கே அனுப்பிவைப்பேனோ. பூசாரி சின்னசாமி மாமாவிடம், எம்மேல அம்மன் இல்லீங்க, கரகத்த வேற யார்னா எடுக்கட்டும்னு சொல்லிவிட்டேன். பம்பை நின்றது. தீட்டுப் பட்டிருக்கும், ஊருக்கு என்ன கேடு வரப்போவுதோன்னு பின்னால் பெண்கள் பேசியது கேட்டது. மாமாவோ, வராதத வந்ததா சொல்லாம இருந்தியே அதுவே போதும், நீ போய் பால் குழிகிட்ட நின்னு வர்றவங்களப் பிடின்னு சொல்லி, கரகத்தைத் தானே தலையில் வைத்துக்கொண்டார். அந்த வார்த்தை என்னைத் தீயைவிட அதிகம் சுட்டது. தீ முடிகிற இடத்தில், கால் நனைக்கப் பால் ஊற்றி வைத்த குழிக்கருகே போய் நின்றேன். நம் பக்கத்து வீட்டு எழிலரசி ஓடி வந்தவள் கடைசி இரண்டு அடியில் தடுமாறினாள். எனக்குப் பம்பை கேட்கவில்லை, உடம்பு சிலிர்க்கவில்லை, கால் மட்டும் தீக்குள் போய்விட்டது. அவளை இழுத்துப் பாலில் தள்ளினேன். இந்தத் தடவை கால் வேகவில்லை, என் புடவை ஓரம் கருகியதோடு சரி. இனி எனக்கு வைத்த இடம் அந்தப் பால் குழிதானா என்று தெரியவில்லை. முன்பெல்லாம் சந்தேகமே வராது, இப்போது எது அம்மன் குரல் எது என் குரல் என்று புரியாமல் எதைச் செய்யவும் பயமாக இருக்கிறது.

அதனால் கண்ணு, அம்மன் சொன்னாள் என்று இனி எதையும் பொறுத்துக்கொள்ளாதே. நீயே சாமியிடம் கேள், எத்தனை நாளானாலும் பொறுமையாகக் கேள். அங்கேதான் உன் வேலை என்று பட்டால் இரு, வர வேண்டும் என்று பட்டால் வந்துவிடு, ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும். என்மேல் கோபம் இருந்தால் திட்டு, போனை மட்டும் எடுக்காமல் இருந்துவிடாதே. தைராய்டு மாத்திரையை விட்டுவிடாதே, வெறும் வயிற்றில் போடு. உண்ணாமுலை அம்மன் உன்னைக் காக்கட்டும், இதை நான் நானாகவே, உன் அம்மாவாகச் சொல்கிறேன். அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது, நீ வாயைத் திறக்காதே, நானே சொல்கிறேன், இன்னும் தைரியம் வரவில்லை.

உன் பதிலுக்குப் பயந்துகொண்டே காத்திருக்கும்
அம்மா தங்கம்மாள்