நாழிகை வட்டிலின் துளை குறித்து வேங்கைமூதூருக்கு விடுத்த ஓலை

ஆறு வற்றாதிருக்க. அளவை பிறழாதிருக்க. விற்றவர் சொல்லும் வாங்கியவர் சொல்லும் ஒன்றாயிருக்க.

ஐந்து துறைகளுக்கும் எழுபது ஏரிகளுக்கும் உரிய நீள்கரை நாட்டு வேந்தர், அலைகடலை அகழியாக உடைய ஆழிவேற்கண்டர் ஏவ, அவர்தம் ஓலைநாயகம் இருங்கோடன் எழுதுவது. செம்பாலை நாட்டு வேங்கைமூதூரில் வீற்றிருந்து, வாங்குவோர் விற்போர் வழக்குகளை ஒருபாற் சாயாமல் தீர்த்துவரும் வழக்குநாயகம் ஏகவீர மழவராயர் கண்டு மகிழ்க. தங்கள் மன்னர் நீடு வாழ்க. தங்கள் உப்பளங்களில் காலமல்லாக் காலத்து மழை பெய்யாதொழிக.

மகிழ்க என்று எழுதியது முறைமைக்காகவே. இவ்வோலையில் மகிழ்வதற்கு ஒன்றுமில்லை. ஏல முறைப்படி, வந்த முறையீட்டுக்கு முப்பது நாளுக்குள் மறுமொழி சேராவிட்டால் முறையிட்டவர் சொன்னதே மெய்யென்று முடிந்துவிடும். இன்று இருபத்துநான்காம் நாள். ஓட்டக்காரன் வழியில் எங்கும் கால் நீட்டாமல் ஓடினால் ஐந்து நாளில் தங்கள் வாயிலை அடைவான். ஆகையால் எழுத்து சற்றுக் கோணியிருந்தால் பொறுத்தருள்க.

செய்தி இது. நம் ஏழு நாடுகளுக்கும் பொதுவான புறா ஏலத்தைத் தாங்கள் அறிவீர்கள். பழம்பொருள் விற்க விரும்புவோர் அதன் தன்மையைச் சொல்ல, அது ஓரோலையில் ஒரே வரியாகக் கீறப்பட்டு, படிகள் எல்லாச் சந்தைகளிலும் தூக்கப்படும். வேண்டுவோர் தாம் கேட்கும் விலையைப் புறாக் காலில் கட்டி அனுப்ப, பௌர்ணமியன்று மிகுந்த விலை கேட்டவருக்குப் பொருள் முடியும். கண்ணால் காணாத பொருளைச் சொல்லை நம்பி வாங்குகிற ஏற்பாடு இது. நடப்பதே அதிசயம் என்று இதை எழுதும் இவ்வெழுத்தன் பலமுறை நினைத்ததுண்டு.

எம் கோங்கநகரின் நாழிகைக் கோபுரத்தில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பொழுது கணிப்பவள் சாத்தங்கை. தண்ணீர்த் தொட்டியில் செப்பு வட்டிலை மிதக்க விடுவாள். வட்டிலின் அடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. அதன் வழியே நீர் ஏறி வட்டில் மூழ்கும் நேரம் ஒரு நாழிகை. மூழ்கியதும் சேமக்கலத்தை அடிப்பாள். அவள் அடித்தால் சந்தைக் கதவு திறக்கும், சுங்கம் மூடும், படகு புறப்படும், ஊர் சாப்பிடும். சென்ற மாசியில் அரண்மனை கோபுரத்துக்குப் புது வட்டில் வார்த்துக் கொடுத்து, பழையதை அவளுக்கே பரிசாக விட்டது. வீட்டில் இரண்டு வட்டிலை வைத்து என்ன செய்வது என்று அவள் பழையதைப் புறா ஏலத்தில் விட்டாள். தங்கள் நகரத்து உப்பு வணிகர் அம்பலக்கூத்தனார் நல்ல விலைக்கு அதைக் கேட்டு எடுத்தார். அந்த விலை இன்று ஒரு கறவை மாடாக அவள் கொல்லையில் நிற்கிறது.

ஏல ஓலையில் இருந்த வரியை, வழக்குக்கு அதுவே வேர் ஆகையால், உள்ளபடியே தருகிறோம்: நாழிகைவட்டில்செம்புதுளைபழுதின்றியுள்ளது.

ஓலையில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடும் வழக்கம் நமக்கில்லை. நீள்கரை நாட்டில் இதைப் படிக்கும் எவரும் நாழிகை வட்டில், செம்பு, துளை பழுதின்றி உள்ளது என்று படிப்பர். துளைதானே அந்த வட்டிலின் உயிர். ஆனால் தங்கள் நாடு தண்ணீர் அருமையான நாடு. அங்கே நிழற்கோல் பார்த்துப் பொழுதறிவார்களே அன்றி, குடிக்கிற நீரில் வட்டிலை மிதக்கவிட மாட்டார்கள். அம்பலக்கூத்தனார் படித்தது வேறு. நாழி, கைவட்டில், அதாவது ஒரு நாழி கொள்ளும் கைவட்டில். துளை, பழுது இன்றி உள்ளது; அதாவது ஓட்டையும் இல்லை, வேறு குறையும் இல்லை. அவர் படித்ததில் ஓர் எழுத்துக்கூடப் பிழையில்லை என்பதுதான் வேதனை.

பிறகு நடந்ததைத் தாங்களே அவருடைய முறையீட்டோடு எழுதியிருந்தீர்கள். மகள் திருமணத்தில், சம்பந்திக்குத் தனி மரியாதையாக, அந்த வட்டில் நிறையப் பாயசம் வார்த்துக் கையில் கொடுத்திருக்கிறார். சம்பந்தியார் அதை மடியோரம் ஏந்தியபடி பழைய உறவுமுறையெல்லாம் சாவகாசமாகப் பேசியிருக்கிறார். பேச்சு முடிந்து எழுந்தபோது புதுப்பட்டு முழுவதும் பாயசம். அவர் பந்தியை விட்டுப் போய்விட்டார் என்றும், பெண் புகுந்த வீட்டில் இன்றுவரை அதற்குப் பேச்சு வாங்குகிறாள் என்றும் வணிகர் எழுதியிருந்தார். அதைப் படித்தபோது இந்த அவையில் ஓரிருவர் சிரித்தார்கள். சாத்தங்கை சிரிக்கவில்லை. ஐயோ, அந்தப் பொண்ணு என்ன பாடு படுதோ என்றுதான் அவள் வாயிலிருந்து முதலில் வந்தது.

வணிகர் கேட்பவை இரண்டு. விலை முழுதும் திரும்ப வேண்டும். விற்றவள் பொய்யுரைத்தாள் என்று ஏழு நாட்டுச் சந்தைகளிலும் முரசறைய வேண்டும். வட்டிலின் துளையைத் தம் கன்னானிடம் கொடுத்து ஈயம் உருக்கி அடைத்துவிட்டதாகவும், விலை வந்த பிறகே வட்டில் வரும் என்றும் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார். அந்த வரியை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொன்னாள் சாத்தங்கை; அடைத்த துளை மறுபடி அதே அளவில் வருவது அரிது.

விலையைத் திருப்புவதில் அவளுக்குத் தடையொன்றும் இல்லை. மாட்டை ஓட்டிக்கொண்டு அன்றே ஏலச் சாவடிக்கு வந்துவிட்டாள். சாவடியார்தான் தடுத்தார்கள். முறையீடு நிலுவையில் இருக்கும்போது விலையைத் திருப்பினால் பொய்யுரையை ஒப்புக்கொண்டதாகப் பதிவாகும். திருப்பாமல் இருந்தாலும், மறுமொழி சேராவிட்டால், முப்பதாம் நாள் அப்படியே பதிவாகும். பொய்யுரையாளர் என்று பதிவானவரின் சொல் எந்த அவையிலும் சான்றாக ஏறாது என்பது ஏழு நாட்டுக்கும் பொது விதி. மற்றவர்க்கு அது வெறும் அவமானம். பொழுது சொல்வதையே தொழிலாக உடையவளுக்கு அதோடு வாழ்வு முடிந்தது.

அவளுடைய வாய்மொழியை, ஒரு சொல்லும் திருத்தாமல், அவள் சொன்னபடியே இங்கே பதிகிறோம்: “ஐயா, காசு என்னங்க காசு, மாட்டை வித்துக் குடுத்துடறேன். ஆனா பொய் சொன்னேன்னு ஒத்துக்கிட்டுக் குடுன்னு மட்டும் சொல்லாதீங்க. ஓட்டை நல்லா இருக்குன்னுதானே சொன்னேன்? அது நல்லாத்தான் இருந்துச்சு. நாளைக்கு நான் மேல ஏறி நின்னு ஆறு நாழிகைன்னு அடிச்சா, எவன் கதவைத் திறப்பான்?”

அவள் அஞ்சியது நாளைக்காக. அது உடனே தொடங்கிவிட்டது. முறையீடு வந்த செய்தி ஊரில் பரவிய மறுநாள் அவள் ஆறு அடித்தபோது சந்தைக் கதவின் காவலன் உடனே தாழை நீக்கவில்லை. தன் ஈட்டியைத் தரையில் ஊன்றி, நிழலை அடியால் அளந்து பார்த்த பின்புதான் நீக்கினான். கோபுரத்தின் கீழே கூடையோடு காத்திருந்த தயிர்க்காரி ஒருத்தி அண்ணாந்து பார்த்து, “ஏ சாத்தங்கை, இது நெசமாவே ஆறுதானா, இல்லே இதுலயும் ஓட்டையா?” என்று கேட்க, சந்தையே சிரித்தது. கேலிக்குக் கேட்டதுதான். தயிர்க்காரிக்கு அவள்மேல் பகை ஒன்றும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து சாத்தங்கை கயிறு திரித்துக்கொண்டே வட்டிலைக் கவனிக்கும் பழக்கத்தை விட்டாள். கண் கொட்டாமல் அதையே பார்த்தாள். பார்க்கப் பார்க்க வட்டில் மெதுவாக மூழ்குவது போலவும், கண்ணை எடுத்தால் சட்டென்று மூழ்கிவிடுவது போலவும் இருந்ததாம். நாழிகைக்கு ஒன்றாக எண்ணிக்கைக்கு வைக்கும் புளியங்கொட்டைகளை ஒன்றுக்கு மூன்று முறை எண்ணினாள்.

முறையீடு வந்த பதினேழாம் நாள், எண்ணியதை மறுபடி எண்ணிக்கொண்டிருந்தபோது வட்டில் மூழ்கிவிட்டது. எப்போது மூழ்கியது என்று அவளுக்குத் தெரியவில்லை. பத்தொன்பது ஆண்டில் முதன்முறையாகக் கோங்கநகரின் சேமக்கலம் பிந்தி ஒலித்தது. ஊரில் எவருக்கும் அது தெரியாது. அவளே இறங்கி வந்து சாவடியில் சொன்னாள். மறைத்திருக்கலாமே என்று இவ்வெழுத்தன் அவளிடம் கேட்டான். மறைத்தால் வணிகர் சொன்னது மெய்யாகிவிடுமே என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

இந்த இடத்தில் எழுத்தனும் தன்னைப் பற்றி ஒன்று சொல்லக் கடமைப்பட்டவன். சாத்தங்கை ஏலச் சாவடிக்கு வந்து தன் பொருளின் தன்மையைச் சொன்னபோது, பொழுது பார்க்கிற வட்டில் என்றும், தண்ணீரில் மிதக்க விடுவது என்றும், அடியில் ஓட்டை ஒன்று உண்டு, அது அடையவுமில்லை அகலவுமில்லை என்றும் விரிவாகத்தான் சொன்னாள். அவ்வளவையும் ஒரே வரியில் அடக்கி, அடக்கிய அழகைத் தானே மெச்சி, பக்கத்தில் இருந்தவருக்கும் படித்துக் காட்டியது இந்த இருங்கோடன்தான். அவள் பேச்சில் ஐயத்துக்கு இடமே இல்லை. இவன் எழுத்தில்தான் ஓட்டை விழுந்தது. இதை அரசர் முன் இவன் ஒப்புக்கொண்டான். ஓலைநாயகப் பட்டத்தைக் கழற்றி வைக்கவும் முன்வந்தான். முதலில் இந்த ஓலையை ஒழுங்காக எழுது, பட்டத்தைப் பிறகு பார்ப்போம் என்று அரசர் பணித்தார்.

ஆகவே அரசர் திருவுள்ளம் இவ்வாறு. அம்பலக்கூத்தனார் செலுத்திய விலை முழுதும் நீள்கரை அரண்மனையிலிருந்து இவ்வோலையோடு வருகிறது. அது எழுத்துப் பிழைக்கு எழுதிய சாவடி தரும் ஈடு. விற்றவள் தந்ததாக எந்தப் பதிவிலும் ஏற்றற்க. சம்பந்தியாருக்கு ஒரு பட்டும், அவருக்கு நேர்ந்ததில் செம்பாலை நாட்டு மணப்பெண்ணின் குற்றம் எள்ளளவும் இல்லை என்று எம் அரசர் கைச்சாத்திட்ட தனி ஓலையும் உடன் வருகின்றன. அதைத் தாங்களே அந்த வீட்டுக்குச் சென்று, மருமகள் கேட்கப் படித்தருள வேண்டும். வட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, ஈயத்தோடே, ஓட்டக்காரன் கையில் திரும்பட்டும். அங்குள்ள கன்னானைக் கொண்டு துளையைத் தோண்ட வேண்டா. மயிரிழை அகன்றாலும் அது வெறும் செம்பாகிவிடும். இனி எம் சாவடியில் எழுதப்படும் எந்த வரியையும், பொருளை அறியாத ஒருவரைப் படிக்கச் செய்து, அவர் என்ன விளங்கிக்கொண்டார் என்று கேட்ட பின்பே புறா பறக்கும்.

முரசறைதல் கூடாது. இதை எம் அரசர் வேண்டுகோளாக அல்ல, உறுதியாகவே சொல்லச் சொன்னார். காரணமும் சொன்னார். ஆறு ஆண்டுகளுக்கு முன் நம் இரு நாடுகளும் எல்லைப் பூசலை விட்டு உடன்படிக்கை செய்துகொண்டபோது, பகல் ஒன்பதாம் நாழிகைக்கு முன் நடந்தவை எல்லாம் மன்னிக்கப்படும், பின் நடப்பவை போராகக் கொள்ளப்படும் என்று இரு மன்னரும் கைச்சாத்திட்டனர். ஒன்பது என்று சொன்னவள் சாத்தங்கை. சொன்னது அந்த வட்டிலைப் பார்த்து. அவள் சொல் சான்றாகாது என்று தங்கள் முரசு முழங்குமானால், அந்த ஒன்பதும் சான்றாகாது. எது முன், எது பின் என்று நாம் மறுபடியும் எல்லையில் நின்று பேச வேண்டியிருக்கும். அதை இரு நாட்டுத் தாய்மாரும் விரும்பார்.

எஞ்சியது முடிவுரை. ஓலையில் பொழுது குறித்து இலச்சினை இடுவது மரபு. வழக்கில் சிக்கியவள் சொல்லும் பொழுதை அரச ஓலையில் ஏற்றலாமா என்று அமைச்சர் இருவர் தயங்கினர். நிழற்கோல் கொண்டுவரவா என்றும் கேட்டனர். அரசர் வேண்டா என்றார். சாத்தங்கையைத் தொட்டியோடும் புது வட்டிலோடும் அவைக்கே வரவழைத்தார். இவ்வரி எழுதும் இப்போது அவள் எதிரே அமர்ந்திருக்கிறாள். அரக்கு உருகியாயிற்று. அரசர் மோதிரத்தைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறார். அவை முழுதும் அவள் முகத்தைப் பார்க்கிறது. அவள் வட்டிலைப் பார்க்கிறாள். புளியங்கொட்டைகளை ஒருமுறை எண்ணினாள். மறுமுறை எண்ணக் கை போயிற்று, பாதியில் எடுத்துக்கொண்டாள்.

வட்டில் மூழ்கியது. பதினொன்று என்றாள். அவைக்குக் கேட்கவில்லை. மறுபடி உரக்கச் சொன்னாள்.

ஏறக்குறைய என்று ஒரு சொல்லை முன்னே சேர்த்துவிட்டால் எவருக்கும் தீங்கில்லையே என்று எழுத்தனின் எழுத்தாணி தயங்கியது. அரசர் கண்டுகொண்டார். அவள் சொன்னதை மட்டும் எழுது என்றார்.

கார்த்திகைத் திங்கள், வளர்பிறை ஏழாம் நாள், பகல் பதினொன்றாம் நாழிகை.

சாத்தங்கை சொல்ல, ஆழிவேற்கண்டர் இலச்சினை இட்டது.