முன்பக்கத்தில் வைத்த போஸ்டர்

14 ஆகஸ்ட், வியாழன். கரிக்கலாம்பாக்கம்

நான் எழுதிய ஆப்பை இன்று காலை இணையத்திலிருந்து தூக்கிவிட்டார்கள். காப்புரிமைப் புகாராம். தினமும் வேலை முடிந்து வந்து எழுதியது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டு, தங்களிடம் உள்ள வீடியோக்களைப் போனில் பார்க்கலாம். அதற்குள் ஒரு சினிமாகூடக் கிடையாது. ஆனால் முன்பக்கத்தில் மாதிரிக்கு நான் வைத்த ஸ்கிரீன்ஷாட்டில் ஒரு புதுப்படத்தின் போஸ்டர் இருந்தது.

முதலில் அண்ணன் கல்யாண வீடியோவைத்தான் வைத்திருந்தேன். பந்தியில் பெரியப்பா இலையை வழித்து நக்குகிற இடம். வெளிநாட்டுக்காரர்களெல்லாம் பார்ப்பார்களே என்று கூச்சப்பட்டு மாற்றினேன். எனக்கு எதற்கு அந்தக் கூச்சம்.

திங்கட்கிழமை இன்டர்வியூவில் காட்ட என்னிடம் அது ஒன்றுதான் இருந்தது. இப்போது லிங்கைத் திறந்தால் புகார் நோட்டீஸ் வருகிறது. மறுப்பு அனுப்பலாம். அனுப்பினால் வீட்டு முகவரி புகார் கொடுத்தவர்கள் கைக்குப் போகும்.

அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது.

“இன்னாடி, திருட்டு சிடியா?”

“இல்லம்மா. ஒரு சினிமா போஸ்டர் வெச்சிட்டேன், அதான்.”

“வூட்டுக்குப் போலீஸ் வருமா?”

“வராதும்மா.”

அம்மா எழுந்து உள்ளே போனாள். ராத்திரிச் சோற்றுக்கு அரிசி அளக்கப் போனேன். டிரம்முக்குள் படியில் ஏதோ தட்டியது. வீட்டிலிருந்த சிடி எல்லாவற்றையும் அம்மா அரிசிக்குள் புதைத்து வைத்திருக்கிறாள். எல்லாவற்றுக்கும் அடியில், துணியில் சுற்றி, அண்ணன் கல்யாணம்.

இந்த வீட்டில் எங்களுக்கே சொந்தமான படம் அது ஒன்றுதான்.