தலைகீழாய்க் கட்டிய நத்தார்த் தோரணம்

தொண்டைமானாறு,
மார்கழி (டிசம்பர்) 27.

அன்பு மகன் சயந்தனுக்கும் மருமகள் றொசாந்திக்கும்,

சந்நிதி முருகன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் நல்ல சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் மழைக்குக் கொஞ்சம் முறைக்கிறது. அந்த வெளிநாட்டுப் பனிக்குள் நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் தினப்படி வேண்டுதல். இதைப் போனில் சொல்லத் தொடங்கினால் அம்மா போனைப் பறித்துவிடுவா, அதனால் எழுதுகிறேன்.

முந்தாநாள் எங்கள் வீட்டில் யேசு பாலன் பிறந்த நத்தார் கொண்டாடினோம். ஓம், எங்கள் வீட்டில்தான், வாயைப் பிளக்காதே. நீங்கள் பதிவுத் திருமணம் செய்த செய்தி வந்த அன்று, றொசாந்தியின் அப்பா எமில்ராஜுக்குப் போன் எடுத்து, சிலுவை கும்பிடுகிற வேதக்காரர் என்ரை படி மிதிக்கக் கூடாது என்று கத்தியவன் நான். இரண்டு வருடம் இரண்டு வீட்டுக்கும் கதை பேச்சில்லை. பிழை விட்டவன்தான் முதலில் கூப்பிட வேண்டும் என்று அம்மா நச்சரித்து நச்சரித்து, கடைசியில் நானே போன் எடுத்து நத்தாருக்கு வரச் சொன்னேன். எமில்ராஜ், பாப்பம் என்று மட்டும் சொன்னார்.

உன்னிடம் காசு கேட்க எனக்கு விருப்பமில்லை. விரலுக்குத் தக்க வீக்கம் போதும் என்று கடற்கரையில் இருந்து ஒரு சவுக்கமரக் கிளையை இழுத்து வந்து நத்தார் மரமாக மணல் வாளியில் நட்டேன். அம்மா கிழிந்த சேலையின் சரிகையை வெட்டி அதில் சுற்றினா, பிளம்ஸ் வற்றல் விலையைக் கேட்டுவிட்டு வந்து அதற்குப் பதிலாகப் பேரீச்சம்பழம் போட்டு ரவைக் கேக் அடித்தா. நத்தார் வெள்ளிக்கிழமையில் வந்து விழுந்ததால் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் கிடையாது, அந்தச் செலவை முருகனே மிச்சம் பிடித்துத் தந்தான். மினுக்குக் கடதாசிக்குப் பதிலாகக் குருத்தோலை வெட்டிக் குருவி மடித்து, எத்தனை திருவிழாவுக்குத் தோரணம் கட்டிய கை இது என்று புழுகிக்கொண்டே வாசல் முழுக்கக் கட்டினேன்.

பின்னேரம் மழை விட்டு, ஆற்றுப் பக்கம் எல்லாம் ஒரு மஞ்சள் வெளிச்சம். மூங்கிலில் செய்த நட்சத்திரக் கூட்டுக்குள் சிவப்பு மின்குமிழ் எரிய, ஈர மண்ணில் அதன் சிவப்பு மெல்ல ஆடியது. அந்த வெளிச்சத்துக்குள் றொசாந்தியின் அப்பாவும் அம்மாவும் நடந்து வந்தது எனக்குக் கனவு மாதிரித்தான் இருந்தது. கேற்றடியில் அவர் நின்று அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன். ஐயோ மகன், ஓலைக் குருவிகளின் தலை எல்லாம் கீழே! நல்ல காரியத்துக்குக் குருவி மேலே பார்க்க வேண்டும், கீழே பார்த்தால் அது செத்தவீட்டுத் தோரணம். பதற்றத்தில் கை மாறிவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. அண்ணை, வேணுமெண்டு செய்யேல்லை, அண்டைக்குப் போனிலை சொன்னதும் பிழைதான், ரெண்டுக்கும் சேர்த்து மன்னியுங்கோ என்று என்னை அறியாமலே சொல்லிவிட்டேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கதிரை கேட்டார். ஏறி நின்றுகொண்டு, தோரணம் கிடக்கட்டும், உந்த ஒரு சொல்லுக்குத்தான் ரெண்டு நத்தார் காத்திருந்தனான், மற்றப் பக்கத்தைப் பிடியும் என்றார். ஓலை ஓலையாக இரண்டு பேரும் திருப்பிக் கட்டினோம். எனக்குக் கண் நிறைந்து குருவியே தெரியவில்லை.

பிறகு றொசாந்தியின் அம்மா பாலன் பிறந்த பாட்டொன்றை மெதுவாக எடுத்தா, உன் அம்மாவும் சொல் தெரியாமலே கூட இழுத்தா. ரவைக் கேக்கை மூன்று துண்டு சாப்பிட்டுவிட்டு எமில்ராஜ் நாலாவதுக்குக் கை நீட்டினார். வெளிக்கிடும்போது, போட்டு வாறம் சம்பந்தி என்றார்.

காதை மூடித் தொப்பி போடு, வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளாதே. மருமகளை இரும விடாமல் கொத்தமல்லி அவித்துக் கொடு. முருகனும் மாதாவும் உங்கள் இரண்டு பேரையும் காக்கட்டும். லீவு கிடைத்தால் உடனே அறிவிக்க வேண்டும், மறக்காதே. எந்த வீட்டுக்கு முதலில் போவது என்று இனித் தலையை உடைக்க வேண்டாம், கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு நாங்கள் நாலு பேரும் ஒரே வான் வண்டியில் வருவோம். வாடகையும் மிச்சம்.

என்றும் உங்கள் நினைவோடு,
அப்பா
க. பரமலிங்கம்