இருபத்திரண்டாவது வாரத்து டயர்

மே 4, ஞாயிறு

மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பி ஐந்து மணிக்குத் திரும்பினோம். வழக்கம்போல் கொல்லைப்புறத்தை விட்டு ஓர் அடி நகரவில்லை.

என் வீட்டுக்காரர் ஜன்னலோரம் வரைபடத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் எதிர்ப் பலகையில், காலை மடக்கிக்கொண்டு. "பாலம் வருது, தலையைக் குனி" என்றார். குனிந்தேன். பாலம் போனது. பிறகு ஒரு காடு வந்தது, வெகுநேரம் வந்துகொண்டே இருந்தது. தகரக் கூரையில் தூறல். எங்கே தூங்கிப்போனேன் என்று தெரியவில்லை. கண் விழித்தபோது "ஏரி தாண்டிப் போயிடுச்சு, நீ பாக்கல" என்றார். எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகும் இந்த டிரெய்லர் வீட்டை வாங்கி எட்டு வருஷம் ஆகிறது. ஒரு அடுப்பு, மடக்கினால் கட்டிலாகிற மேசை, இரண்டு சக்கரம். இவரைப்போல் நகரப் பேருந்து ஓட்டுகிறவருக்குச் சேர்ந்தாற்போல் நாலு நாள் விடுப்புக் கிடைக்காது. ஓய்வு பெற்றதும் போவோம் என்று வாங்கினோம். அதுவரை எதுவும் பழசாகிவிடக் கூடாதென்று மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக்கூட நான் கழற்றவிடவில்லை. "அண்ணி, அண்ணன் சின்ன வீட்டைக் கொல்லையிலேயே வச்சுக்கிட்டாரே, உங்களுக்குப் பரவாயில்லையா?" என்று கொழுந்தன் எட்டு வருஷமாக ஒரே கேலியைச் செய்கிறான். எட்டு வருஷமாக அவனே சிரித்தும்கொள்கிறான்.

போன புதன்கிழமை அவர் ஓய்வு பெற்றுவிட்டார். 24-ஆம் தேதி கிளம்புகிறோம். மூன்று நாள் தூரத்தில் ஏரி.

மே 6, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையின் முதலாளி பன்னிரண்டு நாள் விடுப்புக் கொடுத்தார். சொத்தை எழுதித் தருகிறவர்போல முகத்தை வைத்துக்கொண்டு.

மே 10, சனி

காற்றடிக்க டயர் கடைக்காரரை வரச்சொல்லியிருந்தார் இவர். குண்டான மனிதர், குரல் மட்டும் மெலிசு. வந்தவர் காற்றடிக்கவில்லை. மண்டி போட்டு உட்கார்ந்து, சக்கரத்தின் பக்கவாட்டில் இருந்த மண்ணை ஈரத் துணியால் துடைத்தார்.

"இது எப்ப வந்த டயருன்னு தெரியுமாங்க?"

"புது டயருங்க" என்றார் இவர். கட்டைவிரலை டயரின் பள்ளத்துக்குள் அழுத்திக் காட்டினார். "பாருங்க, நகம் முழுசா உள்ள போகுது. நூறு கிலோமீட்டர்கூட ஓடல."

கடைக்காரர் நாலு எண்களை எனக்குக் காட்டினார். 2216. "மொத ரெண்டு நம்பரு வாரத்தைக் குறிக்கும், அடுத்த ரெண்டு வருஷத்தை. பதினாறாம் வருஷம் இருபத்திரண்டாவது வாரத்துல செஞ்சது. ஒன்பது வயசாச்சு. டிரெய்லர் டயருக்கு அஞ்சு வருஷம், மிஞ்சிப்போனா ஆறு. ஓடினாலும் அவ்வளவுதான், நின்னாலும் அவ்வளவுதான்."

"நின்ன டயர் எப்படிங்க கெடும்?"

"நின்னா இன்னும் சீக்கிரம் கெடும். ஒரே இடத்துல அத்தனை பாரம், மேல வெயிலு. ரப்பர் உள்ளுக்குள்ள வறண்டுபோயிடும், பாத்தா தெரியாது. ரோட்டுல சூடு ஏறினதும் மேல்பட்டை அப்படியே உரிஞ்சு வரும்." ஸ்டெப்னியையும் திருப்பிப் பார்த்தார். தரையையே தொடாத டயர். அதற்கும் அதே வயது.

நான் குனிந்து பார்த்தேன். ஓரத்தில் தலைமுடி அளவுக்கு வெடிப்புகள், காய்ந்த உதட்டில் வருவதுபோல. திங்கள்தோறும் கடையில் என் வேலை என்ன? தேதி முடியப்போகும் மாத்திரை அட்டைகளைத் தேடி எடுத்து ஒதுக்கிவைப்பது. பதினெட்டு வருஷமாகச் செய்கிறேன். இந்தத் தேதியின் மேல் எட்டு வருஷம் உட்கார்ந்து காடும் பாலமும் பார்த்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

மே 11, ஞாயிறு

இன்று பயணம் இல்லை. சண்டை.

"கடைக்காரன் விக்கத்தான் சொல்லுவான்" என்றார்.

"நானும் கடைக்காரிதான். தேதி போனதை நான் யாருக்கும் குடுத்ததில்ல."

"மாத்திரை வேற, டயர் வேற. முப்பத்தோரு வருஷமா டயரைப் பாத்துட்டிருக்கேன், எனக்கே பாடமா?"

அவர் சொல்வதும் பொய்யில்லை. பேருந்து டயர் ஒரு வருஷத்துக்குள் தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிடும், கழற்றிப் போட்டுவிடுவார்கள். வயதாகிச் செத்த டயரை அவர் பார்த்ததே கிடையாது. தேயவில்லையென்றால் புதுசு. அந்தக் கட்டைவிரல் ஒருநாளும் தவறியதில்லை. இதெல்லாம் இப்போது புரிகிறது. அப்போது புரிந்ததா? "இந்த டயரோட நான் வரமாட்டேன்"னு கத்தினேன்.

அவர் கத்தவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. மெதுவாகச் சொன்னார்: "டயர் இல்ல. உனக்கு வரவே பிடிக்கல. எட்டு வருஷமா எனக்காக உக்காந்திருக்கே."

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அந்த ஒரு நொடியை அவர் பார்த்துவிட்டார்.

மே 12, திங்கள்

உண்மையா அது?

ஞாயிற்றுக்கிழமை மதியங்கள் எனக்குப் பிடிக்கும். தூறல், பிளாஸ்டிக் உறையின் மொடமொடப்பு, அவர் குரலில் வந்து போகும் ஊர்கள். அந்த ஏரி எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சாம்பலும் பச்சையும் கலந்த தண்ணீர், நடுவில் ஒரே ஒரு படகு, ஆள் இல்லாமல். அங்கே கொசு கிடையாது. பேச்சு தீர்ந்துபோவதும் கிடையாது.

முப்பத்தோரு வருஷமாக அவர் விடியும் முன்பே போய்விடுவார். வந்தால் தூங்குவார். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் சேர்ந்து இருந்திருப்போமா? இப்போது நாள் முழுக்க, பன்னிரண்டு நாள், ஒரே அறையில். பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

ஆனால் 2216-உம் பொய்யில்லை. இரண்டும் உண்மை. இதை எப்படி ஒருவரிடம் எடுத்துச் சொல்வது?

மே 13, செவ்வாய்

பேச்சு இல்லை. உப்பு எங்கே என்று அலமாரியைப் பார்த்துக் கேட்டார். நானும் அலமாரியிடமே பதில் சொன்னேன்.

மே 14, புதன்

கூட்டமில்லாத மதியம். கல்லாப்பெட்டி பக்கத்தில் கண்ணயர்ந்துவிட்டேன். கனவில் டிரெய்லர் தண்ணீர்மேல் போகிறது. சக்கரமே இல்லை. உள்ளே அவர் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். நான் கரையில் நின்று, தேதி பார்க்காமல் ஏறிவிட்டீர்களே என்று கூப்பிடுகிறேன். அவர் கையசைக்கிறார், விடைபெறுவதற்கா வரச்சொல்வதற்கா என்று தெரியவில்லை. இருமல் மருந்து கேட்டு வந்த ஒருவர் மேசையைத் தட்டி எழுப்பினார்.

மே 15, வியாழன்

மூன்று மணிக்குப் போன். "ஒண்ணுமில்ல. வர லேட்டாகும்."

லேட் என்ற சொல்லை இந்த மனிதர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. எங்கே இருக்கீங்க? எங்கே போனீங்க? அதற்குள் வைத்துவிட்டார். கொல்லையில் டிரெய்லர் இல்லை என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரியும். கடவுளே, தனியா எடுத்துட்டுப் போயிட்டாரு. எனக்கு நிரூபிச்சுக் காட்டணும்னு போயிட்டாரு.

மே 16, வெள்ளி

வந்துவிட்டார். உடம்பில் கீறல் இல்லை. நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை.

ஆளில்லாத டிரெய்லரை இழுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் போய்த் திரும்பி, ஒன்றும் ஆகவில்லை பார் என்று என் முன்னால் நிறுத்த நினைத்திருக்கிறார். போகும்போது ஒன்றும் இல்லை. திரும்பும்போது உச்சி வெயிலில், இடது டயரின் மேல்பட்டை முழுசாக உரிந்துவிட்டது. அது சுழன்று அடித்ததில் சக்கரத்தின் மேல்மூடி கிழிந்து, தரைப்பலகை பிளந்து, நான் உட்காரும் பலகையின் அடிவரை வந்திருக்கிறது. அந்த ஓட்டை வழியாகப் பார்த்தேன். கொல்லைப் புல் தெரிந்தது.

தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே சொன்னார்: "பின்னாடி ஒரு கார் வந்துச்சு. ரப்பர் பறந்து அதோட முன்கண்ணாடிகிட்ட போச்சு. ஓட்டிட்டு வந்த பொண்ணு ஒடிச்சு ஓரமா நிறுத்திட்டா. இறங்கி வர்றா, இருபத்தஞ்சு வயசுதான் இருக்கும். திட்டப்போறான்னு பாத்தா, 'அங்கிள், உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே'ன்னு என்னைக் கேக்குறா."

அப்புறம் அழுதார். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு கண்ணாடிகூட உரசாதவர். "சொன்னேனே" என்பது என் நாக்கு நுனிவரை வந்தது. எத்தனையோ கசப்பு மருந்தை எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறேன், இப்படி ஒன்றை நானே விழுங்கியதில்லை. தலையைப் பிடித்து என் தோளில் சாய்த்துக்கொண்டேன்.

டயர் கடைக்காரர்தான் புது டயரோடு போய் அழைத்து வந்தாராம். வழிநெடுக ஒரு வார்த்தைகூடக் குத்திக்காட்டவில்லையாம். நல்ல மனிதர்.

மே 18, ஞாயிறு

பிளந்த தரையைத் தாண்டி உள்ளே ஏறி உட்கார்ந்தோம். வரைபடத்தை அவர் தொடவில்லை.

"டயர் விஷயத்துல நீ சொன்னது சரி. நான் சொன்னது?"

"பாதி சரி" என்றேன். எழுதிப் பழகிய பிறகு சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. "வரப் பிடிக்காம இல்ல. பயம். நாள் முழுக்க உங்களோட இருந்து பழக்கமில்ல."

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். ஓட்டையின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த சிலாம்பைப் பிய்த்துப் போட்டார். "எனக்கும்தான்" என்றார். "பஸ்ல எந்நேரமும் முதுகுக்குப் பின்னாடி அறுபது பேரு இருப்பாங்க. யார்கிட்டயும் பேச வேணாம். இப்ப நீ ஒருத்தி, எதிர்ல உக்காந்திருப்ப. என்னத்தைப் பேசுவேன்?"

சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்.

மே 21, புதன்

தச்சர் தரைப்பலகையை மாற்றிவிட்டார். வலது சக்கரத்துக்கும் ஸ்டெப்னிக்கும் புது டயர். மூன்றையும் நானே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இந்த வருஷம், ஒன்பதாவது வாரம். கடைக்காரர் என் பக்கத்தில் கைகட்டிக்கொண்டு நின்றார், பரீட்சை எழுதுகிற பையன்போல. நிற்கும்போது சக்கரத்துக்கு வெயில் படாமல் துணி போர்த்தச் சொன்னார். நல்லா இருந்தாலும் அஞ்சாறு வருஷத்தில் மாற்றிவிட வேண்டுமாம்.

"அப்ப எனக்கு அறுபத்தாறு" என்றார் இவர். "என்னையும் சேத்துப் பாத்துடுங்க."

நான் உள்ளே போய் மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்து எடுத்தேன். அடியில் துணி நீலம். மறந்தே போயிருந்தேன்.

மே 24, சனி

கிளம்பினோம். மணிக்கொரு தரம் நிறுத்தி, இறங்கி, டயரில் புறங்கையை வைத்துச் சூடு பார்க்கிறார். காய்ச்சல் பார்ப்பதுபோல.

மே 27, செவ்வாய்

ஏரி சின்னது. தண்ணீர் பழுப்பு. கொசு உண்டு, தாராளமாக.

அவருக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. ஐந்து மணிக்கே எழுந்து வேலைக்குப் போகிறவர்போலத் தலை வாரிக்கொள்கிறார். பிறகு கரையோரமாக நடக்கிறார், போய்த் திரும்பி, போய்த் திரும்பி. நான் பலகையில் உட்கார்ந்து, அவர் சின்னதாகி மறுபடி பெரிதாவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மணி என்ன ஆகிறது என்றே தெரியவில்லை. பக்கத்தில் நிற்கும் டிரெய்லர்காரரிடம், "உங்க டயர் எந்த வருஷம்?" என்று கேட்டுவிட்டு மண்டி போட்டார். அந்த மனிதர் பயந்துபோய் என்னைப் பார்த்தார்.

இன்று இரண்டு மணி நேரம் நாங்கள் எதுவுமே பேசவில்லை. அது எப்போது முடிந்தது என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை.

மே 31, சனி

நாளைக் காலை புறப்பட்டால்தான் புதன்கிழமை வீட்டில் இருக்கலாம். அவர் வெளியே நிழல்துணியை இறக்கிவிட்டு, அதை இழுத்துக் கட்டியிருந்த முளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். என் விடுப்பு முடிகிறதாம், முதலாளி கோபப்படுவாராம். அவராகவே எல்லாவற்றையும் தீர்மானித்திருந்தார்.

நான் உள்ளிருந்து முதலாளிக்குப் போன் செய்தேன். இன்னும் பத்து நாள் வேண்டும் என்றேன்.

"என்னம்மா, வண்டி ரிப்பேரா?"

"இல்லீங்க, வண்டி நல்லா இருக்கு."

"உடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கேன்."

"பின்ன ஏம்மா?"

"எனக்கு இங்க பிடிச்சிருக்குங்க" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

வெளியே முளை பிடுங்கும் சத்தம் நின்றது. முதலாளி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், நான் சரியாகக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, பிடுங்கிய முளைகளை அவர் திரும்ப அடிக்க ஆரம்பித்தார்.