மருந்துக்கு வாங்கிய மீன்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலேயே வெயில். ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. கொழுப்பு அதிகம், அதிலும் ட்ரைகிளிசரைடு. மாத்திரை. நடை. எண்ணெய்ப் பலகாரம் கூடாது. கடைசியாக டாக்டரம்மா, "மீன் சாப்பிடுவீங்களா சார்? வாரம் ரெண்டு நாள், பொரிக்காம. இதயத்துக்கு நல்லது" என்றார்.

"பரம்பரையா சைவம்" என்றேன்.

கூட வந்த மல்லிகாவைப் பார்த்து டாக்டரம்மா, "நீங்களுமா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி சாப்பிட்டிருக்கேன் டாக்டர்."

காதல் கல்யாணம். எங்கள் வீட்டுக்கு வந்த நாளோடு விட்டுவிட்டாள். இருபத்தெட்டு வருஷம். எனக்கு மறந்தே போயிருந்தது.

மார்ச் 4, புதன்

தெருவை நாலு சுற்று. மூச்சு வாங்கியது. கேஸ் சிலிண்டருக்குப் பதிய வேண்டும்.

காபி கொடுக்கும்போது மல்லிகா: "மருந்துன்னு நெனச்சுக்கங்க. ஞாயித்துக்கெழம வாங்குவமா?"

"நம்ம அடுப்புலயா?" என்றேன்.

டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அப்படிக் கேட்டிருக்க வேண்டாம். அப்பா நெஞ்சுவலியில் போன வயசு வர எனக்கு இன்னும் இரண்டே வருஷம். மதியம் நானே சொன்னேன், வாங்கலாம் என்று.

மார்ச் 8, ஞாயிறு

பழங்காநத்தத்தில் மீன் கடை. மூக்கில் கைக்குட்டையோடு ஸ்கூட்டர் பக்கத்தில் நான். மல்லிகா செவுளைத் தூக்கிப் பார்த்து, "இது நேத்து மீனுண்ணே. உள்ள வச்சிருக்கதக் காட்டுங்க" என்கிறாள். கடைக்காரர் சிரிக்கிறார். "தங்கச்சிய ஏமாத்த முடியாது போல."

அரைக் கிலோ சாளை. புது மண்சட்டி.

மதியம் குழம்பு. சின்னத் துண்டு வாயில் வைத்தேன். முடியவில்லை. ஓடிப்போய்த் துப்பினேன்.

"விடுங்க. பழகலைல" என்றாள்.

பிறகு தனக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். விரல்கள் பாட்டுக்கு முள்ளை ஒதுக்கின. நாலு மீன். இவள் இப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை.

"இத்தன வருஷத்துல ஒரு தடவகூட நீ கேக்கலையே?"

"நீங்களும் கேக்கலையே" என்றாள். கோபமில்லாமல்தான்.

மார்ச் 10, செவ்வாய்

லேசான தூறல். நடை 30 நிமி. மோரில் ஆளிவிதைப் பொடி, டாக்டரம்மாவைப் போனில் கேட்டுக்கொண்டு. மீனையும் விடவில்லை. இன்று மல்லிகா முள் எடுத்துக் கொடுத்த நகத்தளவு துண்டு, சோற்றோடு விழுங்கினேன். உள்ளே நின்றது. ருசி சொல்லத் தெரியவில்லை.

சாயங்காலம் அடுக்களையில் நின்று மேலூரில் இருக்கும் தங்கச்சியோடு போன் பேசினாள்.

"ஆமாடி, மீன்தான்... எங்க வீட்லதான்டி... அவருக்காகத்தான் வாங்குனது. நான்தான் தின்னேன், வயிறு முட்ட."

டி.வி. சத்தத்தைக் குறைத்தேன்.