களை மாத்திரை

அக்கா,

இன்று சாமைச் சோறு பொங்கினேன். ஆவி முகத்தில் அடித்ததும் நீ கண்முன் வந்து நின்றாய், கூடவே உன் திட்டும். போன மாசியில் உன் மூச்சு நின்றுபோனது. உன் வாய் மட்டும் ஓயவில்லை பார்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில், மூட்டு வாதத்துக்கு மாத்திரை வாங்கும் வரிசையில்தான் நாம் பழகினோம். நீ கல்வராயன் மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்குவாய். நான் வடக்கனந்தலிலிருந்து வருவேன். காலையில் கத்தரிக்கோலைப் பிடிக்க முடியாத தையல்காரி நான். வாரம் ஒரு நாள் மட்டும் போடும் அந்த மாத்திரையால் ஐந்தாறு மாதத்தில் விரல்கள் மடங்கி நிமிர்ந்தன. உடனே நானே டாக்டராகிவிட்டேன். எல்லோரும் அதை ‘வலி மாத்திரை’ என்றுதானே சொல்கிறோம்? வலி போன பிறகு மாத்திரை எதற்கு? போட்ட மறுநாள் குமட்டல் வேறு. நிறுத்திவிட்டேன்.

இரண்டு மாதம் என்னை வரிசையில் காணாமல், ஒரு பை சாமையோடு வீடு தேடி வந்தாய்.

“இன்னாடி, வலி போச்சுன்னு வுட்டுட்டியா? சாமக் காட்டுல ஒரு தபா களை எடுத்துட்டா அத்தோட முடிஞ்சிதா? அது வலி மாத்திர இல்லடி, களை மாத்திர. குமட்டுதுன்னா டாக்டராண்ட சொல்லு. நீயா நிறுத்தாத.”

“வலியே இல்லயேக்கா” என்றேன்.

உன் வலது கையை நீட்டினாய். மூன்று விரல்கள் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தன. “நானும் ரெண்டு வருசம் உன்ன மாதிரி வுட்டவதான். இப்ப இது வலிக்கறதே இல்ல. நிமிரவும் நிமிராது.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. உனக்கு வரவில்லை, சாமையை எதில் கொட்டுவது என்று கேட்டாய்.

அடுத்த வாரமே உன்னோடு வரிசையில் நின்றேன். டாக்டர் கொஞ்சம் கடிந்துகொண்டார், இரத்தம் எடுத்துப் பார்த்தார், குமட்டலுக்கும் வழி சொன்னார். இவ்வளவுதான் விஷயம். அதன் பிறகு ஒரு வாரம்கூட நான் தவறவில்லை.

சென்ற மாதம் ஆஸ்பத்திரியில் தியாகதுருகத்துப் பெண் ஒருத்தி, “வலியே இல்லீங்க, இதோட நிறுத்திடலாம்னு பாக்கறேன்” என்றாள். உன் களைக் கதையைச் சொன்னேன். சிரித்தாள்; நம்பவில்லை. காட்டுவதற்கு உன் கை இல்லையே என்று தவித்துப்போனேன்.

பிறகு என் கையை அவள்முன் விரித்தேன். ஐந்து விரலும் நேராக இருந்தன.

“நல்லாப் பாரும்மா, இது எங்க அக்கா குடுத்த கை” என்றேன்.