விமான நிலையத்துக்கு இரண்டு சைக்கிள்

கோபன்ஹேகன்,
மே 11, ஞாயிறு காலை

என் சில்யே கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் உன் சன்னலுக்கு வெளியே நிற்கும் அந்த மலையும் சுகந்தானே. இங்கே அப்பாவும் நானும் நலம் என்றுதான் எப்போதும் தொடங்குவேன், இந்தத் தடவை அதைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. அப்பா நலம். நானும் இப்போது நலம், ஆனால் போன அக்டோபரிலிருந்து நலமில்லாமல் இருந்தேன், உன்னிடம் மறைத்துவிட்டேன். திட்டுவதானால் கடைசிவரை படித்துவிட்டுத் திட்டு. உடம்பு சாயாமல் பார்த்துக்கொள்ளும் நரம்பு ஒன்று காதுக்குள்ளே இருக்கிறதாம், அது ஒரு பக்கம் வீங்கிக் கெட்டுப்போய்விட்டது. மழலையர் பள்ளிச் சமையலறையில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன், அறை முழுவதும் பக்கவாட்டில் ஓடியது. ஒரு மாதத்தில் நடை திரும்பியது, வேலைக்கும் போனேன், பஸ்ஸில். சைக்கிள் மட்டும் திரும்பவில்லை. ஏறி நாலு மிதி மிதித்துவிட்டுச் சும்மா உருளவிட்டால் போதும், தெரு தன்பாட்டுக்கு ஒரு பக்கம் சரிய ஆரம்பிக்கும். டாக்டர் அம்மா, "சைக்கிள் இல்லாமலும் நாள் ஓடும், கவலைப்படாதீங்க"ன்னு சொன்னாள். இந்த ஊரில் பிறந்தவளாக இருக்க முடியாது.

கிறிஸ்துமஸுக்கு நீ வந்தபோது பாதையெல்லாம் பனிக்கட்டி, வழுக்குகிறது என்று சொல்லி மெட்ரோவில் வந்து வரவேற்புக் கொடியாட்டினேனே, அன்று பாதையில் ஒரு துண்டு பனிக்கட்டிகூட இல்லை. நீயும் பார்த்திருப்பாய், ஒன்றும் கேட்கவில்லை. நீ எந்த ஊரிலிருந்து வந்து இறங்கினாலும், நான் என் சைக்கிளில் ஏறி, உன் சைக்கிளை ஒரு கையால் பிடித்துப் பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு வந்து நிற்பேன், ஹேண்டில்பாரில் காகிதக் கொடி செருகியிருக்கும், பெட்டிகளை அப்பா மெட்ரோவில் கொண்டுபோவார், நாம் இரண்டு பேரும் கடற்கரைப் பாதையில் வீட்டுக்கு வருவோம். அந்த ஐந்தாறு கிலோமீட்டரில்தான் நீ எனக்கு எல்லாம் சொல்வாய். படிப்பை விட்டதும், மோர்டனைப் பிரிந்ததும், உலகத்தின் அந்தக் கோடிக்குப் போகப்போவதும் அங்கேதான் சொன்னாய், என் முகத்தைப் பார்க்காமல், சாலையைப் பார்த்தபடி. வீட்டுக்குள் வந்துவிட்டால் நாம் உருளைக்கிழங்கைப் பற்றித்தான் பேசுவோம். கிறிஸ்துமஸ் அன்று மெட்ரோவிலும் நீ ஏதோ சொல்ல வாயெடுத்தாய், நெருக்கமாக ஆட்கள் நின்றார்கள், விழுங்கிவிட்டாய். அது என்னைப் போட்டு அரித்தது. ஜூனில் நீ வரும்போதும் நான் மெட்ரோவில்தான் நிற்பேனோ, அதையும் நீ விழுங்கிக்கொண்டே திரும்பிப் போவாயோ என்ற பயம்தான் குளிர்காலம் முழுக்க.

மார்ச்சில் ஒரு நாள் கீழே சைக்கிள் அறைக்குப் போய் உன் சைக்கிள்மேல் கைவைத்து நின்றுகொண்டிருந்தேன். உன்னோடு சைக்கிளில் பார்சல் கொண்டுபோய்க் கொடுத்தானே யேப்பே, இன்னும் நம் கட்டடத்து மூன்றாம் வாசலில்தான் இருக்கிறான், டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவன், "சில்யேம்மா, ஏறித்தான் பாருங்களேன், நான் சீட்டைப் பிடிச்சுக்கறேன்"ன்னான். மிதிப்பதை நிறுத்தவே விடாத உன் பிடிவாதச் சைக்கிள், சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழலும், என் கால் எட்டவும் எட்டவில்லை, நுனிவிரலில்தான். முற்றத்தை ஒரு சுற்று வந்தேன் கண்ணு. உலகம் இருந்த இடத்திலேயே இருந்தது. சும்மா உருளும் நேரம் என்று ஒன்று அதில் இல்லையே, தரை எங்கே இருக்கிறது, நான் எவ்வளவு வேகம் போகிறேன் என்று சக்கரம் என் பாதத்துக்கு விடாமல் சொல்லிக்கொண்டே வந்தது, காது மறந்துபோனதைக் கால் எடுத்துக்கொண்டது. இன்னொரு சுற்று, இன்னொரு சுற்று என்று போனேன், மாடியில் யாரோ ஜமுக்காளம் உதறினார்கள், அந்தத் தூசிகூட வெயிலில் அவசரமில்லாமல் இறங்கியது. யேப்பே எப்போது சீட்டை விட்டான் என்று எனக்குத் தெரியாது.

உடனே எனக்கும் அப்படி ஒன்று கட்டுவது என்று முடிவுசெய்தேன். அப்பாவிடம் சொன்னேன். "நிக்கவே முடியாதவ, நிறுத்தவே முடியாத சைக்கிள்ல ஏறப்போறியா"ன்னு கேட்டுவிட்டு இரண்டு நாள் பேசவில்லை, பாத்திரங்களைத்தான் சத்தமாகக் கழுவினார். நானும் விடவில்லை. ஞாயிற்றுச் சந்தையில் ஒரு ஃபிரேம் கண்ணில் பட்டது, மழைக்கு முந்திய கடலின் நிறம், வெறும் ஃபிரேம்தான், அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடுவரை நடந்தேன், வழியெல்லாம் நான் அதில் போய்க்கொண்டிருந்தேன். யேப்பே திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அழகா இருக்கு, செவுத்துல மாட்டி வைங்க"ன்னான். பின்சக்கரத்தின் அச்சு உட்காருகிற வெட்டு அதில் நேர்மேலாக இருந்தது, சக்கரத்தைப் பின்னால் இழுத்துச் செயினை இறுக்க வழியே இல்லை, நான் நிறத்தைப் பார்த்தேனே தவிர வெட்டைப் பார்க்கவில்லை. இப்போது அது பால்கனியில் நிற்கிறது, அப்பாவின் பட்டாணிக்கொடி அதில் ஏறிக்கொண்டிருக்கிறது. இரண்டாவதாக யேப்பேயே ஒன்று கொண்டுவந்தான், பழைய எஃகு, என் உயரத்துக்கு ஏற்ற சின்னது, வெட்டு பின்பக்கம் திறந்தது, நிறம் மட்டும் ஆறிப்போன குழம்பு. முதல் நாள் பிடிக்கவில்லை. இப்போது வேறு நிறத்தை நினைக்கவே முடியவில்லை.

போன மாதம் போனில், உன் சைக்கிளின் செயின் சக்கரத்தில் முன்னால் எத்தனை பல், பின்னால் எத்தனை பல் என்று நான் கேட்டது குறுக்கெழுத்துப் போட்டிக்காக இல்லை. நீ நாற்பத்தாறுக்குப் பதினேழு என்றாய், அது உன் தொடைக்கு. லாங்கெப்ரோ பாலத்தின் ஏற்றத்தையும் என் முழங்காலையும் நினைத்து முன்னால் நாற்பத்திரண்டு, பின்னால் பதினெட்டு போட்டேன். "இதுல போனா வாத்துக்குஞ்சுகூட உங்கள முந்திடும்"ன்னான் யேப்பே, முந்தட்டும் என்றேன். திருப்பத்தில் பெடல் தரையில் இடிக்காமல் இருக்கப் பெடல்கை குட்டையாக, டயர் அகலமாக, இரண்டு மட்கார்டு, பெரிய பெல். முன்னாலும் பின்னாலும் பிரேக் வேண்டும் என்றதும் கஞ்சியில் கடுகு கேட்டதுபோல் முகத்தை வைத்துக்கொண்டான், உங்கள் கூட்டத்துக்கே பிரேக் என்றால் மானக்கேடுதானே, எனக்கு மானத்தைவிடப் பல் முக்கியம். பின்பல்லைப் பூட்டும் வளையத்தை மட்டும் நானே மாட்டுவேன் என்று அதற்கான கொக்கி ஸ்பேனரை வாங்கி வந்து ஒரு மத்தியானம் முழுக்க இறுக்கினேன், இறுக்க இறுக்கக் கழன்று வந்தது. துணி எடுக்கக் கீழே வந்த அப்பா வாசலில் நின்று பார்த்தார். முப்பது வருடம் கப்பலில் குழாய் பூட்டிய மனிதர், தப்பாகத் திருகுவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவருக்கு முடியாது. "அது எதிர்ப்பக்கம் திரும்பணும் விபேக்க, கேஸ் உருளை மாதிரி, நீ பின்னால மிதிச்சா பல்லு கழண்டு வராம இருக்கத்தான் அப்படி வச்சிருக்கான்"ன்னு சொல்லி ஸ்பேனரைக் கையிலிருந்து வாங்கினார். இறுக்கி முடித்துவிட்டு இன்னொரு தடவை இறுக்கினார். அதற்குப் பிறகு பாத்திரங்கள் அமைதியாகிவிட்டன.

ஏப்ரல் கடைசியில் முதல்முறையாக அதில் வேலைக்குப் போனேன். மூடுபனி, பாலத்தின் மறுமுனை தெரியவில்லை, தண்ணீரும் வானமும் ஒன்றாக இருந்தன, எனக்கு முன்னும் பின்னும் எத்தனையோ சக்கரங்களின் சத்தம், நான் எதன் மேலும் இல்லாமல் போய்க்கொண்டிருப்பதுபோல் இருந்தது, காலுக்கு மட்டும் பாதை தெரிந்தது. அழுகை வந்தது, துடைக்கக் கையெடுக்கப் பயம். இறக்கத்தில் புத்தி கெட்டது. சிவப்பு விளக்கைப் பார்த்ததும் ஐம்பது வருடப் பழக்கம், நிற்கப்போகிறேன் என்று பின்னால் வருகிறவர்களுக்குக் கையைத் தூக்கிவிட்டுக் காலை ஓய்வாக நிறுத்தினேன். பெடல் நிற்குமா, என்னைச் சீட்டிலிருந்து ஒரு தூக்குத் தூக்கியது. பின்னால் ஒரே பெல் சத்தம், ஒரு ஆள் கடந்து போகும்போது, "அம்மா, இன்னும் எந்திரிக்கலயா"ன்னு கேட்டுவிட்டுப் போனான். விழவில்லை, முன்பிரேக் காப்பாற்றியது. யேப்பேயிடம் அதை மட்டும் இரண்டு தடவை சொன்னேன். அன்றிலிருந்து தினமும் அதில்தான் போகிறேன்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்குக் கஷ்டம். போன ஞாயிறு, உன்னை அழைக்க வருவதற்கு ஒத்திகை பார்க்கலாம் என்று உன் சைக்கிளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். கடற்கரையில் முதல் வளைவுவரைதான். ஒரு கை போனதும் எல்லாம் போய்விட்டது, கடல் மேலே வந்தது, இரண்டு சைக்கிளோடு காட்டு ரோஜாப் புதருக்குள் கிடந்தேன். முழங்கையில் கொஞ்சம் சிராய்ப்பு, உன் சைக்கிளுக்கு ஒன்றும் இல்லை, அதைத்தான் முதலில் பார்த்தேன். மணலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன், இனி எப்போதும் முடியாது என்று எனக்குப் புரிந்துவிட்டது. இடுப்பெலும்பு மாற்றியதிலிருந்து அப்பா சைக்கிளில் ஏறுவதில்லை என்பது உனக்குத் தெரியும், பின்னால் மெதுவாக நடந்து வந்தவர் முள்ளை ஒவ்வொன்றாக என் சட்டையிலிருந்து எடுத்தார். பிறகு, "ஓட்டிட்டுப் போக முடியலன்னா நடத்திக் கூட்டிட்டுப் போவோம், அதுக்கென்ன இப்போ"ன்னார். என் சைக்கிளை அங்கேயே ஒரு கம்பத்தில் பூட்டிவிட்டு, உன் சைக்கிளை நடுவில் விட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நடந்தோம். வானம்பாடி கத்தியது, விமானங்கள் தலைக்கு மேலே வயிற்றைக் காட்டிக்கொண்டு இறங்கின, பாதி வழியில் உட்கார்ந்து ஈரல் தடவிய கறுத்த ரை ரொட்டியும் காப்பியும். நாங்கள் மூன்று பேர் போவதாகவே எனக்குத் தோன்றியது. போய்ச் சேர ஒன்றே முக்கால் மணி நேரம். நிறுத்துகிற இடத்தைப் பார்த்து வைத்துவிட்டுத் திரும்பினோம்.

ஆகையால் நீ வருவதற்கு முந்தின நாள், ஜூன் 22, உன் சைக்கிளை நடத்திக் கொண்டுபோய் அங்கே பூட்டிவிடுவோம், வருகை வாசலுக்கு வெளியே இடப்பக்கம் மூன்றாவது வரிசை. மறுநாள் நான் என் சைக்கிளில், இரண்டு கையும் ஹேண்டில்பாரில் வைத்துக்கொண்டு வந்து நிற்பேன். கொடியைத் தொப்பியில் செருகிக்கொள்கிறேன், நீ சிரிக்கக் கூடாது. அன்று மத்தியகோடை நெருப்புத் திருநாள், கரை நெடுக விறகு குவித்திருப்பார்கள், வெளிச்சம் போகவே போகாது, மெதுவாகப் போவோம், என்னால் இப்போது மெதுவாகத்தான் முடியும், நடுவில் நிறுத்தாமல். அங்கே குளிர்காலம் தொடங்குகிறது, காதை மூடிக்கொண்டு வெளியே போ, காது விஷயத்தில் இனி நான் சொல்வதைக் கேள். சாப்பாட்டை நின்றுகொண்டே முடிக்காதே. அப்பா முத்தம் அனுப்புகிறார், நேற்றும் போய் அந்த வளையத்தை ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிட்டு வந்தார். நீ நன்றாக இருக்க வேண்டும் கண்ணு, எந்தக் கோடியில் இருந்தாலும் உன் பாதை உன் காலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் மறைத்து வைத்திருந்ததை முதலில் நானே சொல்லிவிட்டேன். மெட்ரோவில் விழுங்கினாயே, அதை நீ எடுத்துக்கொண்டு வா. பூட்டுக்கு இரண்டு சாவி, ஒன்றை இந்த உறைக்குள் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன், தொலைத்துவிடாதே.

உன் வருகைக்குக் காத்திருக்கும்
அம்மா விபேக்க